கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளைகள், கைத்தொலைபேசி, இந்த நாட்டுச் சட்டம்

சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு என்று வந்த முதல் மாதம் ஓடிவிடும். இதையெல்லாம் சொல்லித்தர ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமாவோ அக்காவோ இருப்பார்கள். அவர்களும் வாய் திறக்கத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு: சிறுவர் சிறுமியரை இணையத்தில் பாலியல் ரீதியாகச் சுரண்டுகிற குற்றமும், அதற்கு எதிரான இந்த நாட்டின் சட்டமும். ஒன்ராறியோவில், குறிப்பாக ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் குடியேறுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குற்றவியல் சட்டம் கனடா முழுவதற்கும் ஒன்றுதான். பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் மட்டும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

குற்றவியல் சட்டத்தின் 163.1 ஆம் பிரிவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படம், காணொளி, சில வகை எழுத்து ஆகியவற்றை உருவாக்குவது, பகிர்வது, வைத்திருப்பது, தேடித் திறந்து பார்ப்பது எல்லாமே தனித்தனிக் குற்றங்கள். உருவாக்குவதற்கும் பகிர்வதற்கும் 14 ஆண்டுகள் வரை சிறை. வைத்திருப்பதற்கும் பார்ப்பதற்கும் 10 ஆண்டுகள் வரை. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிப் படம் என்றாலும் தப்ப முடியாது. கியூபெக்கின் ஷெர்புரூக் நகரில் அப்படிப் போலிக் காணொளிகள் செய்த ஒருவருக்கு 2023 ஏப்ரலில் சிறைத்தண்டனை கிடைத்தது.

தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். தனியாகத் தரவிறக்கிப் பார்த்தால் மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. இந்தியாவிலும் இப்போது அந்தச் சாக்கு எடுபடாது. கனடாவிலும் எடுபடாது.

வட்ஸ்அப் குழுக்கள்

ஊர்க் குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, வேலைத்தளக் குழு என்று நம்மவர்களின் கைபேசியில் குழுக்களுக்குக் குறைவில்லை. அவற்றில் அவ்வப்போது ஒரு காணொளி வரும்: ஒரு பிள்ளைக்கு யாரோ கொடுமை செய்கிறார்கள், கீழே "இந்தப் பாவியைக் கண்டுபிடிக்கும் வரை பகிருங்கள்" என்று எழுதியிருக்கும். அனுப்புகிறவரின் கோபம் உண்மையானது. ஆனால் அந்தப் பிள்ளையின் உடல் இன்னும் நூறு பேரின் கைபேசிக்குப் போகிறது. ஒவ்வொரு பகிர்வும் அந்தப் பிள்ளைக்கு மறுபடி நடக்கிற கொடுமை. நல்ல நோக்கத்தோடு அனுப்பினேன் என்று பிறகு பொலிஸாருக்கும் நீதிமன்றத்துக்கும் விளக்குகிற நிலைக்கு உங்களைத் தள்ளிக்கொள்ள வேண்டாம்.

கேட்காமல் வந்து விழுந்ததற்காக உங்களை யாரும் குற்றவாளி ஆக்க முடியாது. என்னவென்று தெரிந்த பிறகும் வைத்திருப்பதும் அனுப்புவதும்தான் குற்றம். அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் காட்டாதீர்கள், திரைப்பிடி (ஸ்கிரீன்ஷொட்) எடுக்காதீர்கள். குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொலிஸாரிடமோ சைபர்டிப் டாட் சிஏ தளத்திலோ முறையிடுங்கள். படத்தை இணைத்து அனுப்பத் தேவையில்லை. கைபேசியில் இருக்கும் பிரதியை என்ன செய்வது என்று அவர்களையே கேட்டு, அதன்படி செய்யுங்கள். சைபர்டிப் என்பது வினிபெக்கில் உள்ள கனேடிய சிறுவர் பாதுகாப்பு மையம் 2002 முதல் நடத்திவரும் முறைப்பாட்டுத் தளம். பெயர் சொல்லாமலும் அங்கே முறையிடலாம். இன்றே செய்யக்கூடிய இன்னொன்று: வட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாகத் தரவிறங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

பேஸ்மென்ட்டும் வைஃபையும்

பொலிஸ் எப்படி ஒரு வீட்டுக் கதவுக்கு வருகிறது என்று தெரிந்தால் இந்தப் பகுதி ஏன் முக்கியம் என்று புரியும். கூகுள், மெட்டா, ஸ்னாப்சட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இத்தகைய படங்களைக் கண்டால் அங்குள்ள காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய மையத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்வடிவக் கைரேகை உண்டு. அதே படம் மறுபடி ஏறினால் இயந்திரமே பிடித்துவிடும். 2023 இல் மட்டும் அந்த மையத்துக்கு 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. கனடாவோடு தொடர்புள்ளவை ஒட்டாவாவில் உள்ள, கனடாவின் மத்திய பொலிஸான ஆர்சிஎம்பியின் தேசிய சிறுவர் சுரண்டல் குற்ற மையத்துக்கு வரும். அங்கிருந்து ரொறன்ரோ, பீல், யோர்க், டூரம் என்று அந்தந்த வட்டாரப் பொலிஸுக்குப் போகும். கனடாவிலும் 2011 டிசம்பரில் இருந்து இணைய சேவை வழங்குவோர் இத்தகைய விஷயங்களை முறையிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இப்படி வரும் தகவலில் பெரும்பாலும் பெயர் இருக்காது, ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருக்கும். அது யாருடையது என்று இணைய நிறுவனத்திடம் அறிய பொலிஸுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. ஐபி முகவரியைப் பெறுவதற்கே அனுமதி வேண்டும் என்று 2024 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அனுமதி கிடைத்த பிறகு நிறுவனம் தருவது ஒரே ஒரு பெயரைத்தான்: இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பெயரை. மேலே வீட்டுக்காரர், கீழே பேஸ்மென்ட்டில் இரண்டு மாணவர்கள், எல்லாருக்கும் ஒரே வைஃபை என்பது ஸ்காபரோவில் சாதாரணம். யார் செய்தார்கள் என்று விசாரித்து அறிவதற்கு முன்பே, வீட்டில் உள்ள எல்லாருடைய கணினியும் கைபேசியும் பொலிஸின் பைகளில் போய்விடலாம். ஆகவே வாடகைக்கு விடுகிறவர்கள் குடியிருப்பவர்களைத் தனி இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விருந்தினர் வலையமைப்பைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வெளியேறினால் வைஃபை கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

சோதனை ஆணையோடு வந்தால் அந்த ஆணையைக் காட்டச் சொல்லி வாசியுங்கள். தடுக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அழிப்பது தனிக் குற்றமாகலாம். கைது செய்யப்பட்டாலோ தடுத்து வைக்கப்பட்டாலோ உடனே ஒரு வழக்கறிஞரோடு பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு முன்பும் பின்பும் மௌனமாக இருக்கலாம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பானால், உண்மையில் கிடைத்த தண்டனை சிறிதாக இருந்தாலும், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரையும் நாட்டை விட்டு அனுப்பலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை என்றால் அந்த வெளியேற்றத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் வழியும் அடைபடும். குற்றத்தை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைக்கு வரும்போது

என் மனதில் அதிகம் பாரமாக இருப்பது இந்தப் பகுதிதான். நாம் இரண்டு வேலை செய்கிறோம். பிள்ளைகள் பாடசாலை முடிந்து வந்து கதவைத் திறந்து தனியே இருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் அவர்களே. கடிதம் வாசிப்பது, வங்கிக்கு அழைப்பது, நம்முடைய கைபேசியைச் சரிசெய்வது எல்லாம் அவர்கள் கையில். இந்த இடைவெளியில் யார் நுழைகிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை.

இப்போது அதிகம் நடப்பது மிரட்டிப் பணம் பறிப்பது. இதில் ஆண் பிள்ளைகளே பெரும்பாலும் குறிவைக்கப்படுகிறார்கள். இன்ஸ்டகிராமிலோ ஸ்னாப்சட்டிலோ ஒரு பெண்ணின் பெயரில் ஒருவர் பேச வருவார். முதலில் அவரே ஒரு படத்தை அனுப்புவார், பிறகு பிள்ளையிடம் கேட்பார். பிள்ளை ஒன்றை அனுப்பிய அடுத்த நிமிடம் குரல் மாறும்: பணம் தா, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்புவேன். பலர் வெளிநாடுகளில் இருந்து கூட்டமாக இதைச் செய்கிறார்கள். 2023 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய மிரட்டலால் உயிரை மாய்த்துக்கொண்டான். 2012 இல் அதே மாகாணத்தில் 15 வயது அமண்டா டொட் இறந்தார். அவரை மிரட்டியவர் நெதர்லாந்தில் இருந்தார். அந்த மனிதரை இங்கே கொண்டுவந்து விசாரித்து, பத்து ஆண்டுகள் கழித்து, 2022 இல், 13 ஆண்டுகள் சிறை விதித்தார்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பிடிக்க முடியும், நேரம்தான் எடுக்கும்.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஏன் அனுப்பினாய்" என்ற கேள்வியை அன்று கேட்காதீர்கள். கைபேசியைப் பறிக்காதீர்கள், உடைக்காதீர்கள். ஆதாரம் அதில்தான் இருக்கிறது. மிரட்டுகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பதில் எழுதுவதை நிறுத்துங்கள், ஆனால் கணக்கையும் உரையாடலையும் அழிக்க வேண்டாம். பயனர் பெயரைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்கும் சைபர்டிப்புக்கும் சொல்லுங்கள். படம் பரவுவதைத் தடுக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தைப் பதிவேற்றாமல் அதன் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் இணைந்துள்ள நிறுவனங்களுக்குத் தரும். பிள்ளை மனமுடைந்திருந்தால் கிட்ஸ் ஹெல்ப் போன்: 1-800-668-6868, எந்த நேரமும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர எண் 911.

பெரியவர் ஒருவர் இணையத்தில் பிள்ளையோடு பழகிப் பாலியல் நோக்கத்துக்கு இழுப்பதே தனிக் குற்றம். நேரில் சந்திக்க வேண்டும் என்றில்லை, பேச்சே போதும். மறுபுறம் பிள்ளையாக நடித்தது பொலிஸ் அதிகாரி என்றாலும் குற்றம் குற்றமே. உடன்படும் வயது 2008 முதல் 16. ஆசிரியர், பயிற்சியாளர் போல் பொறுப்பில் இருப்பவர் என்றால் 18. பிள்ளைகள் தங்களுக்குள் படம் பரிமாறுவதையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். காதலியின் படத்தை நண்பனுக்குக் காட்டிய 15 வயதுப் பையன் மேல் வழக்கு வரலாம். 12 வயதில் இருந்து இங்கே குற்றப் பொறுப்பு உண்டு.

"ஆருக்கும் சொல்லாதேங்கோ, மானம் போயிடும்" என்று வீட்டில் ஒரு மூத்த குரல் கட்டாயம் எழும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மிரட்டுகிறவன் நம்பியிருப்பது அதே மௌனத்தைத்தான். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிட நீதிமன்றம் தடை விதிக்கும். அதன்பின் தமிழ் வானொலியோ பத்திரிகையோ ஊரவர் முகநூலோ பெயரை எழுத முடியாது. பிள்ளை திரைக்குப் பின்னால் இருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்லலாம். ரொறன்ரோவில் பூஸ்ட் என்ற மையத்தில் பொலிஸ், சிறுவர் உதவிச் சங்கம் (பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு), மருத்துவம், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பிள்ளை நடந்ததைப் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் போல முறைப்பாட்டை மீளப்பெற்றுச் சமாதானமாகப் போகவும் முடியாது. வழக்கை நடத்துவது அரசு. செய்தவர் உறவினர் என்றால் இதை முன்கூட்டியே மனதில் வைத்திருங்கள், குடும்பத்தின் அழுத்தம் அப்போதுதான் வரும்.

சிறுவர் உதவிச் சங்கம் என்றாலே பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சும் உண்டு. பெரும்பாலான விசாரணைகளில் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பாதுகாக்க முயல்கிற பெற்றோரோடு சேர்ந்து வேலை செய்யவே அவர்கள் விரும்புவார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் அவர்களுக்குச் சொல்வது ஒன்ராறியோவில் எல்லாருக்கும் சட்டக் கடமை. உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். பாடசாலை, பராமரிப்பு நிலையம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களும் மதகுருமாரும் சொல்லத் தவறினால் தண்டப்பணம் வரை போகும். தலைமை ஆசிரியர் சொல்லிவிடுவார் என்று விட்டுவிட முடியாது, சந்தேகப்பட்டவரே நேரடியாகச் சங்கத்தை அழைக்க வேண்டும். நடனம், மிருதங்கம், தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களும் இதை மனதில் கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையை அனுப்பும் வகுப்பில், ஆசிரியர்களுக்குப் பொலிஸ் சரிபார்ப்பு எடுத்திருக்கிறார்களா, மாணவரோடு தனியே செய்தி அனுப்பும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

விடுமுறைக்கு ஊர் போகிறவர்களுக்கு: கனேடியக் குடிமக்களும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் இலங்கையிலோ இந்தியாவிலோ வேறெங்கோ பிள்ளைகளுக்கு எதிராகச் செய்யும் பாலியல் குற்றங்களுக்கு இங்கேயே வழக்குத் தொடர முடியும். திரும்பி வரும்போது எல்லை அதிகாரிகள் கைபேசியைச் சோதிக்கவும் கூடும்.

கடைசியாக மொழி. முறையிட ஆங்கிலம் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. ரொறன்ரோ பொலிஸின் அவசரமற்ற எண் 416-808-2222. எங்கே போவது என்றே தெரியாவிட்டால், சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 ஐ அழைத்து "தமிழ் இன்டர்ப்ரெட்டர் பிளீஸ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பொலிஸோடும் மருத்துவரோடும் பேசும்போதும் அதையே கேளுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையையோ அதன் அக்கா தம்பியையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணையும் வேண்டாம். அம்மாவுக்கு முன்னால் சொல்ல முடியாததைப் பிள்ளை ஓர் அந்நியரிடம் சொல்லக்கூடும். அப்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்களானால், மறுக்காமல் வெளியே இருங்கள்.