கிளவுட் இணையாவிட்டால் உடனே கை வைக்கக் கூடாத இடங்கள்

“வட்ஸ்அப் வேலை செய்யுது, யூரியூப் ஓடுது, ட்ரைவ் மட்டும் திறக்குதில்லை. அப்ப ட்ரைவிலதான் பிழை.” யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெரும்பாலும் தவறான முடிவு. இங்கே பலர் போடும் ரீலோட், குறிப்பிட்ட சில செயலிகளுக்கு மட்டுமான பக்கேஜ். வட்ஸ்அப், பேஸ்புக், யூரியூப் அதற்குள் அடங்கும். நம் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ‘கிளவுட்’ சேவைகளான கூகுள் ட்ரைவோ ட்ரொப்பொக்ஸோ அடங்காது. இன்னும் சில பக்கேஜ்களில் டேட்டாவின் பெரும் பங்கை நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம். மீதி நிறைய இருப்பதாகப் போன் காட்டும், பகலில் ஒரு படம்கூட ஏறாது. ஆகவே முதலில் ஏதாவதொரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வராவிட்டால் ட்ரைவின் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்த தவறுதான் உண்மையில் ஆபத்தானது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பொறுமை போகிறது, செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுகிறோம். ஆனால் இன்னும் மேலே ஏறாத கோப்புகள் எங்கே இருக்கின்றன? கொம்பியூட்டரில் கூகுள் ட்ரைவை ‘ஸ்ட்ரீம்’ முறையில் வைத்திருந்தால் தனி ட்ரைவ் ஒன்று தெரியும். எல்லாம் நம் ஹார்ட் டிஸ்கிலேயே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை இணையத்தில்தான். ஏறக் காத்திருப்பவை மட்டும் தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும். அந்த நேரத்தில் கணக்கிலிருந்து வெளியேறினால், செயலியை நீக்கினால், அவை தொலையக்கூடும். இணைப்பு போனதால் கோப்பு அழிவது அரிது. சரிசெய்யப் போன கையால் அழிவதுதான் அதிகம். எனவே எதையும் தொடுமுன் ஏறாத கோப்புகளை ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுங்கள்.

இடம் போதவில்லை என்று மைக்ரோசொப்டின் கிளவுட் சேவையான வன்ட்ரைவ் (OneDrive) அல்லது ட்ரொப்பொக்ஸ் போல்டருக்குள் போய் அழிப்பதும் இதே வகைதான். இங்கே அழித்தால் மேலேயும் அழியும், அந்தக் கணக்கைப் பாவிக்கும் மற்றக் கருவிகளிலும் அழியும். இலவசக் கணக்குகளில் மீட்பதற்குப் பொதுவாக 30 நாட்கள்தான் அவகாசம். கொம்பியூட்டரில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கோப்பில் ரைட் கிளிக் செய்து, இடத்தை விடுவிக்கும் தெரிவை எடுக்க வேண்டும்.

இணைப்புப் பிழைபோல நடிக்கும் இன்னொன்று, கணக்கு நிரம்புவது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதை ஜிமெயில், போட்டோஸ், ட்ரைவ் மூன்றும் பங்குபோடுகின்றன. வன்ட்ரைவில் 5, ட்ரொப்பொக்ஸில் 2. 2021 ஜூன் முதல் ஏற்றிய படங்களும் கூகுளின் கணக்கில் சேர்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடையாளம் எளிது: பழைய கோப்புகள் திறக்கும், புதியவை ஏறாது. குப்பைத் தொட்டியில் கிடப்பதும் இடம் பிடிக்கும், அதையும் வெறுமையாக்குங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு பழைய டெஸ்க்டொப்பில் எந்தத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால், றவுட்டரைக் கழற்றுவதற்கு முன் திகதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள காசு அளவு பற்றரி செத்துப்போனால் கடிகாரம் பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் திகதியோடு பொருந்தாததால் இணைப்பு மறுக்கப்படும். பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினால் போதும்.

2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது அவசரமாகப் போட்ட இலவச விபிஎன், அதாவது இணைப்பை வேறிடம் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி, இன்னமும் போனில் இருக்கிறதா? அதை நிறுத்திவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

சிலவேளை எதுவுமே பழுதாக இருக்காது, வேகம்தான் போதாது. கலியாண வீடியோவை ரொறொன்ரோவுக்கு அனுப்பவென்று 30 ஜிபி ஏற்றுகிறீர்கள். ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 4 மெகாபிற். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 17 மணி நேரம்! நடுவில் லப்டொப்பை மூடினால் அது உறங்கிவிடும், ஏற்றமும் நிற்கும். போன் ஹொட்ஸ்பொட்டை விண்டோஸ் ‘மீட்டர்’ (டேட்டாவை அளந்து பாவிக்க வேண்டிய) இணைப்பாக எடுத்துக்கொண்டால், வன்ட்ரைவ் தானாகவே இடைநிறுத்தும். அந்த இடைநிறுத்த அடையாளத்தைப் பிழை என்று எண்ணுகிறவர்கள் ஏராளம்.

கடைசியாக, நிறுவனத்தின் பக்கமே விழுவதும் உண்டு. 2020 டிசம்பர் 14 அன்று, நம் நேரப்படி மாலை ஐந்து மணி கடந்து, கூகுளில் உள்நுழைய வேண்டிய சேவைகள் உலகெங்கும் சுமார் முக்கால் மணி நேரம் விழுந்தன. அடையாளம் சரிபார்க்கும் அமைப்புக்கு ஒதுக்கிய சேமிப்பிடம் தவறுதலாகக் குறைக்கப்பட்டதே காரணம். கூகுளுக்கே இடம் போதாமல் போயிற்று! அப்படியான நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்தால் கணக்குப் பூட்டுப்படக்கூடும். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டு, அங்கே திறக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.