லைன் மாறி வான்னா வரிசை மாறக் கூடாது

என் அண்ணன் மகன் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்த புதிது. வேலை அந்தேரியில், தங்கல் தாராவியில் எங்கள் வீட்டில். மூன்றாம் நாள் சாயங்காலம் தாதரிலிருந்து போன் போட்டான். "அத்தே, தாதர் வந்துட்டேன். இனி எப்படி?" எனக்குக் கல்லில் தோசை. "பாலம் ஏறி லைன் மாறி வாலே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். "மூணு லைன் மாறிட்டேன் அத்தே, எல்லாத்துலயும் ஒரே கூட்டமாத்தான் இருக்கு." பயல் டிக்கெட் கவுண்டரில் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவிக்கொண்டு இருந்திருக்கிறான்!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் லைன் என்றால் ரேஷன் கடை வரிசை, இல்லாவிட்டால் லைன் வீடு. இங்கே ஒரே சொல்லுக்கு ஏழெட்டு வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லைன் என்ற சொல்லை விடுங்கள், அதற்குப் பின்னால் வருகிற வினையைக் காதில் வாங்குங்கள்.

'நில்லு' என்று வந்தால் அது வரிசை. அவ்வளவுதான்.

'மாறு' என்று வந்தால் ரயில் தடம். முதலில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சர்ச்கேட்டிலிருந்து விரார் பக்கம் போவது வெஸ்டர்ன். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) தாணே, கல்யாண் போவது சென்ட்ரல். பழைய ஆட்கள் மெயின் லைன் என்பார்கள். 1853 ஏப்ரல் 16 அன்று, இப்போது சி.எஸ்.எம்.டி. இருக்கும் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். மூன்றாவது ஹார்பர், செம்பூர் வழியாகப் பன்வேல் போவது. அதில் வடாலாவில் ஒரு கிளை பிரிந்து மாஹிம், பாந்த்ரா வழியாகக் கோரேகாவ் போகும். செம்பூர் போக வேண்டியவர் அதில் ஏறினால் மாஹிமில் முழிக்க வேண்டியதுதான்.

வெஸ்டர்னிலிருந்து சென்ட்ரலுக்குத் தாதரில் மாறலாம், சென்ட்ரலிலிருந்து ஹார்பருக்குக் குர்லாவில். முன்பு தாதரில் இரண்டு பக்கமும் ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்து உயிரை வாங்கியது. 2023 டிசம்பரில் நம்பரை மாற்றினார்கள். இப்போது 1 முதல் 7 வரை வெஸ்டர்ன், 8 முதல் 14 வரை சென்ட்ரல். அந்தேரியில் சயானுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு, எடுத்த டிக்கெட்டே கடைசிவரை செல்லும். தாதரில் இன்னொன்று எடுக்க வேண்டாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் பயல் கவுண்டர் பக்கமே போயிருக்க மாட்டான்.

'ஓடு' என்று வந்தால்தான் சிக்கல். ஃபாஸ்ட் லைன், ஸ்லோ லைன் என்று தண்டவாளமே தனித்தனி. ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்காது, நேரே குர்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். மராத்தி அறிவிப்பில் 'ஜலத்' என்றால் ஃபாஸ்ட், 'தீமி' என்றால் ஸ்லோ. பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டர் பலகையில் 'எஸ்' என்ற எழுத்தைப் பார்த்ததும் ஸ்லோ என்று ஏறிவிடாதீர்கள். கர்ஜத் வண்டிக்கும் எஸ்தான் அடையாளம். ஊர் எழுத்து எது, வேக எழுத்து எது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் வந்தால் இந்தக் கணக்கும் உதவாது. பராமரிப்பு வேலைக்காக ஸ்லோ லைனை மூடிவிட்டு, ஸ்லோ வண்டிகளை மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரைக்கும் ஃபாஸ்ட் லைனில் விடுவார்கள். அப்போது அது சயானில் நிற்கும். ஆனால் வித்யாவிஹார், காஞ்சூர்மார்க், நாஹூரில் நிற்காது. ஃபாஸ்ட் லைனில் வருவதெல்லாம் ஃபாஸ்ட் வண்டி இல்லை என்று இவன் மண்டையில் ஏற்ற எனக்கு ரெண்டு ஞாயிறு ஆயிற்று.

'இரு' என்று வந்தால் முகவரி. "நீங்க எந்த லைன்ல இருக்கீங்க?" என்று கேட்டால் தெருப் பெயரைச் சொல்லாதீர்கள், "சென்ட்ரல், சயான்" என்றால் போதும். எங்கள் பக்கத்து வீட்டம்மா மகனுக்குப் பெண் தேடும்போது, "சென்ட்ரல் லைன்லயே பாருங்க, விரார்ல எடுத்தா யாரு போயிட்டு வர்றது?" என்று சொல்லிவிட்டார். ஜாதகம் அப்புறம்தான்.

'தாண்டு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலம் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வண்டி வந்துவிட்டால் அபராதம் கட்டவும் ஆள் இருக்காது.

'அடி' என்று இன்னொன்றும் உண்டு. இந்திக்காரர்களும் 'லைன் மார்னா' என்றுதான் சொல்கிறார்கள், ஊரில் உள்ள அதே பொருள். அதை மட்டும் இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.