நாள்பட்ட நுரையீரல் தொற்று: உருமாறிய சூடோமோனாஸை லேப்பில் தவறவிடாமல் பிடிப்பது எப்படி?

மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும் பிராங்கியெக்டாசிஸ் நோயில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா குடியேறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நகராது. ஆனால் வந்தபோது இருந்த மாதிரி இருக்காது. பச்சை நிறத்தையும் திராட்சை வாசனையையும் மட்டும் எதிர்பார்த்தால் கோட்டை விட்டுவிடுவோம்.

காலையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேப்புக்கு வரட்டும். தாமதமானால் 4 டிகிரி குளிரில் வைக்கவும். நம் நாட்டில் இந்நோய்க்கு முக்கியக் காரணம் பழைய காசநோய் என்பதால், சாம்பிளைப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள்தான் திறக்க வேண்டும்.

கிருமிகள் சளிக்குள் கொத்துக்கொத்தாகப் பதுங்கியிருக்கும். சளியை இளக்கும் டைதயோத்ரைடால் கரைசலைச் சம அளவு சேர்த்துக் கலக்கி, 15 நிமிடம் விட்டு, சளி இளகிய பிறகே வளர்ப்புத் தட்டில் கோடிடுங்கள். ரத்த அகார், மெக்கான்கி அகார் என்ற இரண்டு வளர்ப்பு ஊடகத் தட்டுகளையும் 35 டிகிரியில் வையுங்கள். 24 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 48 மணி நேரத்திலும் பாருங்கள், முடிந்தால் 72 வரை.

வழவழப்பான (மியூக்காய்டு) காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த கிருமித் திட்டை, லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் கம்பிப் பதப் பாகு மாதிரி இழுபடும். மியூக்-ஏ மரபணு பழுதாகி, ஆல்ஜினேட் என்ற பிசின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் விளைவு இது. வெள்ளை அணுக்களால் அந்தப் பிசினைத் தாண்டிக் கிருமியை விழுங்க முடியாது. அந்த அணுக்கள் கொட்டும் எலாஸ்டேஸ் நொதி மூச்சுக்குழாய்ச் சுவரையே அரிக்கிறது. கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவும் இப்படித்தான் வழவழக்கும் என்றாலும் மெக்கான்கியில் அது இளஞ்சிவப்பு, ஆக்சிடேஸ் நொதிச் சோதனையில் நெகட்டிவ். சூடோமோனாஸ் நிறமற்றது, ஆக்சிடேஸ் பாசிட்டிவ்.

உலோகப் பளபளப்போடு தட்டையாக இருக்கும் காலனியைக் கண்டால் லாஸ்-ஆர் என்ற கட்டுப்பாட்டு மரபணு பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும் குண்டூசி முனையளவு காலனிகளை அசுத்தம் என்று ஒதுக்காதீர்கள்; இவை பெரும்பாலும் அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தாக்குப்பிடிக்கும். இப்படிப்பட்டவை மெதுவாக வளர்வதால் தானியங்கி உயிர்வேதிக் கருவிகள் தவறான பெயர் சொல்லக்கூடும். கிருமியை அதன் புரதங்களின் நிறையை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி இருந்தால் அதில் உறுதிசெய்யுங்கள்.

மருந்து உணர்திறன் சோதனையை ஒவ்வொரு காலனி வகைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே நோயாளியின் ஒரே சளியில் ஒரு வகை செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மடங்கும், பக்கத்து வகை மடங்காது. இதற்கு முல்லர்-ஹின்டன் அகார் தட்டும், 0.5 மெக்ஃபார்லாண்ட் (கலங்கலின் நிலையான அளவுகோல்) அளவுக் கிருமிக் கலங்கலும் பயன்படுத்துங்கள். பிசின் கட்டிகள் கரைந்து சீராகும்வரை நன்றாகக் கலக்குங்கள். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தடை வளையத்துக்குள் தனித்தனிக் காலனிகள் முளைத்தால் விட்டுவிடாதீர்கள். மியூட்-எஸ் என்ற டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணு கெட்டுப்போன, மிக வேகமாக மரபணு மாறும் கிருமிகளில் இது அடிக்கடி தெரியும். முதலில் அது வேறு கிருமியின் கலப்பா என்று மறுவளர்ப்பு செய்து பாருங்கள்.

'உணர்திறன் உண்டு' என்று வந்தாலும் நுரையீரலில் மருந்து தோற்கலாம். நாம் சோதிப்பது காற்றோட்டமுள்ள தட்டில். சளிக்கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு, அங்கே டோப்ராமைசின் என்ற அமினோகிளைகோசைடு மருந்து கிருமிக்குள் சரியாகப் புகாது. ஆகவே 'மியூக்காய்டு வகை' என்பதை ரிப்போர்ட்டில் தவறாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வகையையும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்தால், அடுத்த சாம்பிள் வரும்போது ஒப்பிடலாம்.