அந்த விலாங்குக்கு யார் சோறு போடுவது? கற்பனை ஆழ்கடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். வந்திருந்த பதினோரு பேரும் ஆளுக்கொரு கற்பனைக் கடலை வரைந்து எடுத்து வந்திருந்தார்கள். ஒருவர் நாவலுக்காக, ஒருவர் வீடியோ கேமுக்காக, ஒரு பெண் சித்திரக்கதைக்காக. வரைபடங்கள் அழகு, வைத்த பெயர்களும் அழகு. ஆனால் பதினொன்றில் எட்டில், சேற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத பாதாளத்தில் லாரி நீளத்துக்கு ஒரு ஜந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஜந்தை நானும் ஒரு காலத்தில் வளர்த்திருக்கிறேன்.

அழுத்தம் அதிகம், வெளிச்சம் கிடையாது, தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பதெல்லாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சோறு

என் கடலின் பெயர் கருமடு. 400 சதுர கிலோமீட்டர் பரப்பு, 4,000 மீட்டர் ஆழம். அதில் 30 மீட்டர் நீள விலாங்குகள் அறுபது. ஒவ்வொன்றும் 20 டன். அவற்றுக்குக் குலம் உண்டு, பகை உண்டு, இனப்பெருக்கச் சடங்குகூட உண்டு. பதினான்கு மாதம் உட்கார்ந்து முந்நூறு பக்கம் எழுதினேன். கைக்காசு போட்டு ஓர் ஓவியரிடம் விலாங்கை வரைந்தும் வாங்கினேன்.

பிறகு, ஓய்வுபெற்ற கடல் உயிரியல் பேராசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

“எல்லாம் சரி தம்பி. இந்த விலாங்குக்கு யாரு சோறு போடுறா?”

“மத்த மீனைத் தின்னும் சார்.”

“மத்த மீனு?”

“சின்ன மீனை.”

“சின்ன மீனு?”

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அவர் மேசையில் கிடந்த மளிகைக் கடை பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். தோராயம்தான், ஆனால் போதும்.

கடலில் சமையல் நடப்பது மேலே 200 மீட்டருக்குள். வெயில் படுகிற அந்தத் தட்டில்தான் நுண்பாசிகள் விளைகின்றன. கீழே இருப்பவர்களுக்கு வருவது மிச்சம்: செத்த மிதவை உயிர்கள், கழிவு, சளி, கழற்றிப் போட்ட ஓடு, எல்லாம் துணுக்குத் துணுக்காக. இதற்குக் கடல்பனி என்று பெயர். விழுந்து அடி சேரப் பல வாரம் ஆகும். வழியெல்லாம் வாய்கள். 4,000 மீட்டருக்கு வந்து சேர்வது மேலே விளைந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். திறந்த கடலில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 1 கிராம் கரிமம். ஒரு சிட்டிகை.

அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,000 கிலோ. அதைத் தின்னும் புழுவும் கடல் அட்டையும் உடம்பில் சேர்ப்பது பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ. அவற்றைத் தின்னும் சிறு மீன்களின் உடம்பில் சேர்வது 10 கிலோ. கரிமத்தை ஈர எடையாக மாற்றப் பத்தால் பெருக்கினால், சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிலோ சிறு மீன். என் 400 சதுர கிலோமீட்டரில் மொத்தம் 40 டன். அறுபது விலாங்குக்குப் பங்கு போட்டால், ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாங்குகிற மீன் அளவு. 20 டன் உடம்புக்கு! அதுவும், விளைகிற சிறு மீனில் ஒன்றைக்கூட விடாமல் விலாங்கு பிடித்துவிடும் என்று வைத்துக்கொண்டால்.

முந்நூறு பக்கத்தில் இருநூறு போயிற்று. ஓவியருக்குக் கொடுத்த பணம் அது தனி. என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது அந்த நஷ்டம் அல்ல. அரை நிமிடக் கேள்வி அது. பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் எட்டுப் பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டதும் அவர்களிடமிருந்து உடனே ஒரு பதில் வந்தது: “வெந்நீர் ஊற்று வெச்சிருக்கேன் சார்.” என் தலைமுறைக்கு இந்தச் சாக்குகூடத் தெரியாது, அந்த வகையில் முன்னேற்றம்தான். 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் போனவர்கள் கடலடிப் பிளவுகளில் சுடுநீர் பீறிடும் இந்த ஊற்றுகளைச் சுற்றி முதன்முதலாக உயிர்க்கூட்டத்தைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு மீட்டர் உயரக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு அதற்குச் சமைத்துப் போடுகிறது. வெயில் வேண்டாம். சரி, அப்போது பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. ஊற்றைச் சுற்றிய கூட்டம் சில பத்து மீட்டருக்குத்தான். அதைத் தாண்டினால் பழைய சேறு, பழைய சிட்டிகை. ஒரு ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் பல பத்து கிலோமீட்டர், சில இடங்களில் பல நூறு. இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் 2001இல் கண்ட ஒரு நத்தை, காலில் இரும்புச் சல்ஃபைடு செதில் போர்த்திக்கொண்டு வாழ்கிறது. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊற்றுகளைத் தவிர வேறெங்கும் அதற்கு வீடு இல்லை. ஊற்றும் நிரந்தரம் கிடையாது. கலாபகஸ் பக்கம் 1979இல் கண்டுபிடித்து ‘ரோஜாத் தோட்டம்’ என்று பெயரிட்ட இடத்தைத் தேடி 2002இல் மறுபடி போனபோது, தோட்டத்தின் மேல் புது எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்தது. இன்னொன்று, இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்: அந்தப் புழுவுக்கு ஆக்சிஜனும் வேண்டும். அது எங்கோ துருவத்துப் பக்கம் குளிர்ந்து மூழ்கிய தண்ணீரோடு வந்தது. மேலே வெயிலில் நுண்பாசி விட்ட மூச்சு. ஆகவே “சூரியனே அணைந்துபோன உலகம், ஊற்றருகே செழிக்கும் புழுக்காடு” என்று எழுதுகிறவர்கள் ஆக்சிஜனுக்கும் வழி சொல்ல வேண்டும்.

ஆகவே வரைபடத்தில் முதலில் பெயரையோ மலையையோ வரையாதீர்கள். சோறு எங்கே விழுகிறது, எங்கே ஊறுகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே விளைச்சல் அதிகமான கடலோரங்களுக்குக் கீழே கடல்பனி கொஞ்சம் கூடுதலாக விழும். கண்டத்தின் விளிம்பு ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச் சரிவில் மீத்தேன் கசியும் இடங்களில் குளிர் ஊற்று, அதைச் சுற்றி மட்டிகள். கடலடியின் நீளப் பள்ளமான அகழி புனல் மாதிரி. நிலநடுக்கத்தில் சரிகிற சேறெல்லாம் நடுக்கோட்டுக்கு வந்து சேரும். அதனால் சரிவைவிட அடி செழிப்பு. நான் கருமடுவை இரண்டாம் முறை கட்டியபோது விலாங்கு 12 சென்டிமீட்டர் மீனாகச் சுருங்கியது. வாய் பெரிது, வயிறு விரியும், மற்றபடி அசையாமல் மிதக்கும். பட்டினி கிடக்கத் தெரிந்ததுதான் அங்கே பிழைக்கும். ஜப்பானின் டோபா மீன்காட்சியகத்தில் ஒரு ராட்சத ஐசோபாட் இருந்தது. கரப்பான்பூச்சியை ஊதிப் பெரிதாக்கியதுபோல இருக்கும் ஆழ்கடல் பிராணி அது. 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்றது. 2014 பிப்ரவரியில் சாகும்வரை பிறகு எதையும் உருப்படியாகத் தின்னவில்லை.

பட்டறையில் சித்திரக்கதைக்காக வந்திருந்த பெண்ணின் வரைபடத்தில் மலையும் இல்லை, ஜந்தும் இல்லை. நடுவே ஒரு திமிங்கல எலும்புக்கூடு, அதைச் சுற்றி ஊர். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 1987இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் இப்படியொரு கூட்டைச் சுற்றி வாழும் கூட்டத்தை ஆய்வாளர்கள் கண்டார்கள். முதலில் சதை தின்பவர்கள் வந்து சில மாதங்களில், பெரிய உடல் என்றால் ஓரிரு ஆண்டில், முடித்துவிட்டுப் போவார்கள். பிறகு சிந்தியதைப் பொறுக்கும் புழுக்கள். பிறகு எலும்பிலுள்ள கொழுப்பு சிதைந்து சல்ஃபைடு கசிய, அதை நம்பி ஒரு கூட்டம் பல பத்தாண்டுகள். எலும்பையே துளைத்து வேர்விடும் ஒரு புழுவும் உண்டு, 2002இல்தான் அது கண்ணில் பட்டது. அந்தப் பெண் ஊரின் மூன்று தலைமுறையை மூன்று நிறத்தில் தீட்டியிருந்தார்.

நீலத் திமிங்கலம்

உயிரோடு அந்த ஆழத்துக்கு வராது. செத்துத்தான் வரும்.

அகழியின் சுவர்

எல்லோரும் கிணறு வரைகிறார்கள். பாடப்புத்தகப் படத்தில் உயரத்தை மட்டும் இழுத்து நீட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து வந்த கோளாறு. மரியானா அகழி சுமார் 2,500 கிலோமீட்டர் நீளம், சராசரி 70 கிலோமீட்டர் அகலம், ஆழமோ 11 கிலோமீட்டருக்குள். அங்கங்கே செங்குத்துப் பாறை உண்டுதான். ஆனால் உங்கள் கதாநாயகன் பெரும்பாலும் ஒரு மலைச்சரிவில்தான் இறங்கிக்கொண்டிருப்பான், கிணற்றில் அல்ல. கிணறு என்று எழுதினால் அவன் இறங்கும் நேரம், பார்க்கும் சேறு, சந்திக்கும் உயிர் எல்லாமே தப்பாகிவிடும்.

சிப்பி மேடு

கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்த பழக்கம், கடலடி என்றாலே சிப்பிக் குவியலை வரைந்துவிடுகிறோம். கீழே போகப் போகத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைக்கும். இடத்துக்கு இடம் மாறினாலும், ஏறக்குறைய 4,000 முதல் 5,000 மீட்டருக்குக் கீழே செத்த ஓடுகள் சேர்ந்து கிடக்காது, கரைந்துபோகும். அங்கே இருப்பது செம்பழுப்புக் களிமண். சிப்பிக் கோட்டை வேண்டுமென்றால் மேலே கட்டுங்கள்.

மீன்

2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இஸு-ஒகசவாரா அகழியில், 8,336 மீட்டரில் ஒரு நத்தைமீனைப் படம்பிடித்தார்கள். மீன் என்று பார்த்ததில் அதுதான் அடிமட்டம். இன்னும் கீழே போக வேண்டுமென்றால் மீனை விட்டுவிட்டு இறாலின் தூரத்து உறவான ஆம்ஃபிபாடுகளையும் கடல் அட்டைகளையும் கூட்டிப் போங்கள்.

விளக்கு அலங்காரம்

ஆழ்கடல் உயிர்கள் தாமே விடுகிற வெளிச்சமான உயிரொளி, கல்யாண மண்டபத்துச் சீரியல் செட் அல்ல. ஒரு விநாடி மின்னி அணையட்டும்.

குமரிக்கண்டம்

கடைசிப் பனியுகத்தில் கடல் இறங்கியதே 120 மீட்டர் அளவுதான். 4,000 மீட்டரில் கோபுரம் வேண்டாம், ஐயா.

வேற்றுலகக் கடல்

வியாழனின் நிலவான யுரோப்பாவில், பனி ஓட்டுக்குக் கீழே பெரிய கடல் இருப்பதாகப் பலமான சான்றுகள் உண்டு. பட்டறையில் ஒருவர் கதையை அங்கே கொண்டுபோயிருந்தார். 100 கிலோமீட்டர் ஆழத்தில் கலம் இறங்குகிறது, பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் அப்பளமாக நொறுங்குகிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற நம் ஊர்க் கணக்கை அங்கே போட்டுவிட்டார். யுரோப்பாவின் ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பனி ஓட்டையும் சேர்த்து மேலிருந்து 100 கிலோமீட்டர் இறங்கினாலும் அழுத்தம் ஏறக்குறைய 1,300 வளிமண்டலம்தான். மரியானா அகழியின் அடியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்த மரியானா அடிக்கே 1960இல் இரண்டு பேர் டிரியெஸ்டே என்ற கலத்தில் போய் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள்.

அவருடைய கதையில் நாயகியின் அண்ணன் சாவதே அந்தக் கலம் நொறுங்கித்தான். இப்போது கலம் நொறுங்காது. அண்ணனை என்ன செய்வது என்று நேற்று இரவு ஒரு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.