டிஸ்க் கோல்ஃப் தொடங்குவோருக்கு: தட்டின் நான்கு எண்களும் ஆட்டக்காரரின் தரப்புள்ளியும்

கனடாவில் இருந்தோ நோர்வேயில் இருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுச்சென்ற டிஸ்க் கோல்ஃப் தட்டை எடுத்து எறிந்து பார்க்கும் பிள்ளை முதலில் கேட்பது, நேராக எறிந்த தட்டு ஏன் இடப்பக்கம் வளைந்து விழுகிறது என்பதைத்தான். அடுத்ததாக, தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் எதைச் சொல்கின்றன என்று கேட்பார். இணையத்தில் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கியபின், ஆட்டக்காரரின் பெயருக்கு அருகே 980, 1040 என்று காட்டப்படும் தரப்புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது என்ற கேள்வியும் வரும். தட்டின் எண்ணும் ஆட்டக்காரரின் எண்ணும் வேறு வேறானவை. ஆயினும் எந்தச் சூழலில் அந்த எண் பெறப்பட்டது என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டுமே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

ஆட்டம் எளிமையானது. குறித்த இடத்தில் இருந்து தட்டை எறிந்து, அது விழுந்த இடத்தில் இருந்து மீண்டும் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் அதனைச் சேர்க்க வேண்டும். வழக்கமாக 18 கூடைகளைக் கொண்ட ஒரு சுற்றை மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வெல்கிறார். இதற்கென அமைந்த முதல் நிரந்தரத் திடல் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த எட் ஹெட்ரிக் 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் நிறுவினார். பி.டி.ஜி.ஏ. என்று அழைக்கப்படும் அந்தச் சங்கமே இன்றும் விதிகளையும் தரப்புள்ளிகளையும் பேணி வருகிறது.

நான்கு எண்கள்

தட்டில் 6, 5, -2, 1 என்று இருந்தால் அவை வரிசைப்படி ஸ்பீட், கிளைட், டேர்ன், ஃபேட் ஆகியவற்றைக் குறிக்கின்றன. இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் என்ற தட்டுக்கு உரிய எண்கள் இவை.

ஸ்பீட் என்பதை, தட்டு பறக்கும் வேகம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தட்டு தன் இயல்புப்படி பறப்பதற்கு அதனை எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதையே அது சொல்கிறது. இன்னோவாவின் அளவுகோலில் இது 1 முதல் 14 வரை செல்கிறது. எண் கூடக்கூட விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருக்கும். 1 முதல் 7 வரை அமையும் கிளைட், தட்டு காற்றில் எவ்வளவு நேரம் மிதந்து நிற்கும் என்பதைக் காட்டுகிறது. டேர்ன் என்பது பறப்பின் முற்பகுதியில், வேகம் நிறைய இருக்கும்போது, தட்டு எந்தப் பக்கம் சாய முனைகிறது என்பதாகும். +1 முதல் -5 வரை செல்லும் இந்த எண் எவ்வளவு கீழிறங்குகிறதோ, வலக்கையரின் புறங்கை எறியில் தட்டு அவ்வளவு அதிகமாக வலப்பக்கம் சாயும். ஃபேட் என்பது வேகம் அடங்கிய கடைசிப் பகுதியில் தட்டு இடப்பக்கம் வளையும் அளவு. அது 0 முதல் 5 வரை இருக்கும்.

இங்கே சொல்லும் வலம், இடம் எல்லாம் வலக்கையால் எறிபவரின் புறங்கை எறிக்கு, அதாவது தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கையின் பின்புறம் முன்னே செல்ல விடும் எறிக்கு உரியவை. இடக்கையர் புறங்கையால் எறிந்தாலும், வலக்கையர் முன்கையால் எறிந்தாலும் தட்டு எதிர்த்திசையில் சுழல்வதால் இரு பக்கங்களும் மாறிவிடும்.

இந்த எண்களை அச்சிடுவது தட்டைத் தயாரிக்கும் நிறுவனமே. பி.டி.ஜி.ஏ. ஒரு தட்டை அங்கீகரிக்கும்போது விட்டம், எடை, விளிம்பு போன்றவற்றைத்தான் சோதிக்கிறது. விட்டம் 21 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. எடை, விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராமைத் தாண்டக் கூடாது. 21.2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டுகளில் 175 கிராம் என்ற எடையை அடிக்கடி காண்பதற்கு இதுவே காரணம். பறப்பு எண்களை அந்தச் சங்கம் நிர்ணயிப்பதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் -2ம் இன்னொரு நிறுவனத்தின் -2ம் ஒரே அளவானவை என்று கொள்ள முடியாது.

தட்டு ஏன் வளைகிறது

பறக்கும் தட்டின் மீது காற்று செலுத்தும் தூக்குவிசை எப்போதும் தட்டின் சரியான நடுவில் தாக்குவதில்லை. வேகம் மிகுந்து, தட்டு காற்றோட்டத்துக்கு ஏறத்தாழச் சமாந்தரமாகச் செல்லும்போது அந்த விசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் தாக்கி, தட்டின் முன்விளிம்பைக் கீழே அமுக்கப் பார்க்கிறது. வேகம் குறைந்து தட்டு கீழிறங்கத் தொடங்கியதும், காற்று அதன் அடிப்பக்கத்தில் கூடிய கோணத்தில் மோதுவதால் விசை முன்பக்கம் நகர்ந்து, முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது. தட்டு சுழலாமல் இருந்தால் குப்புறவோ மல்லாக்கவோ கவிழ்ந்துவிடும். சுழலும் பொருளோ, பம்பரம் சாய்ந்தவுடன் விழாமல் வட்டமிடுவதைப் போல, தன்மேல் வரும் திருப்புவிசைக்குத் தொண்ணூறு பாகை தள்ளியே பதில் சொல்கிறது. எனவே மேலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் சுழலும் தட்டில், முன்விளிம்பை அமுக்கும் விசை வலப்பக்கச் சாய்வாகவும், முன்விளிம்பைத் தூக்கும் விசை இடப்பக்கச் சாய்வாகவும் வெளிப்படுகின்றன. முதலாவது டேர்ன், இரண்டாவது ஃபேட்.

இவ்வளவும் விளங்கிவிட்டால் தொடக்கக்காரரின் குழப்பங்களில் பெரும்பகுதி தானாகவே தீரும். 12, 5, -1, 3 என்ற எண்களைக் கொண்ட டிஸ்ட்ரோயர் தட்டை, தேர்ந்த ஆட்டக்காரர் நூறு மீற்றருக்கு அப்பால் அனுப்புவதைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதே தட்டை வாங்கிவரச் சொல்பவர்கள் உண்டு. கை வேகம் போதாதவர் எறியும்போது அந்தத் தட்டு டேர்ன் நிகழும் வேகத்தை எட்டுவதே இல்லை. கையை விட்டுப் புறப்பட்டதுமே ஃபேட் பகுதி தொடங்கி, இடப்பக்கம் வளைந்து விரைவில் தரையில் விழுகிறது. தட்டில் குறை இல்லை, எறிபவரின் கையிலும் குறை இல்லை. அந்த எண்கள் அவருடைய வேகத்துக்கு எழுதப்பட்டவை அல்ல, அவ்வளவுதான்.

எந்தத் தட்டை முதலில் எடுப்பது

என் கருத்தில், முதல் சில மாதங்களுக்கு இரண்டு தட்டுகள் போதும். ஒன்று 2, 3, 0, 1 என்ற எண்களையுடைய ஏவியார் போன்ற புட்டர், அதாவது கூடைக்கு அருகில் இருந்து எறிவதற்கான தட்டு. மற்றது 5, 4, -1, 1 எண்களையுடைய டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் போன்ற நடுத்தூரத் தட்டு. இவற்றின் எண்கள் சிறியவையாக இருப்பதால், சாதாரணக் கை வேகத்திலும் அவை நேராகப் போகின்றன. நேராகப் போகாவிட்டால் எறிந்த விதத்தில் என்ன பிழை என்பதை உடனே காட்டுகின்றன. வேகமான தட்டு அந்தப் பிழையை மறைத்துவிடும். உறவினரிடம் சொல்லி அனுப்பும்போது, 150 முதல் 165 கிராமுக்குள் எடையுள்ளதைக் கேட்பது நல்லது. ஒரே வகைத் தட்டில் எடை குறைந்ததை வேகமாக எறிவது எளிது. அது வலப்பக்கச் சாய்வையும் சற்று எளிதில் காட்டும். லெப்பர்ட் போன்ற 6 அல்லது 7 ஸ்பீட் தட்டுகளை அதற்குப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய தட்டு கிடைத்தாலும் தள்ளிவிட வேண்டாம். கல்லிலும் மரத்திலும் அடிபட்டுத் தேய்ந்த தட்டில் ஃபேட் குறைந்து டேர்ன் கூடும் என்பதால், அச்சிட்ட எண்களை விட அது வலப்பக்கம் அதிகம் சாயும். அதுவும் பயன்படும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் தட்டுகளை விட்டுச் செல்வது மட்டும் கூடாது. பிளாஸ்ரிக் இளகி உருவம் கெட்டால் பறப்பும் கெட்டுவிடும்.

வன்னி நிலத்தில் சோதித்துப் பார்ப்பது

அறுவடை முடிந்த வயலோ மாடு மேயும் தரவையோ பயிற்சிக்கு ஏற்றது. காற்று எழாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்கோட்டில் மூன்று தடிகளை இருபது மீற்றர் இடைவெளியில் நட்டு, ஒருவர் எறிய, மற்றவர் அவருக்குப் பின்னால் நின்று தட்டு கோட்டை விட்டு எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தட்டைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடித்து முதலில் பாதி விசையுடனும் பின்னர் முழு விசையுடனும் எறியுங்கள். முழு விசையில் விலகல் தள்ளிப்போனால் தட்டு உங்கள் வேகத்துக்கு இசைந்தது. இரு முறையும் தட்டு உடனே மேலெழுந்து நின்று, இடப்பக்கம் வழுக்கி விழுந்தால், பெரும்பாலும் முன்விளிம்பு மேல்நோக்கியபடி கையை விட்டுப் போகிறது என்று பொருள். மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். வேறு தட்டுக்கு மாறுவதால் இது சரியாகாது.

காற்றைப் பற்றி நம்மவர்க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கை நோக்கி எறிந்தால், எதிர்க்காற்றின் காரணமாகத் தட்டு தன்னை வேகமாக எறிந்தது போலவே நடந்துகொண்டு வலப்பக்கம் கூடுதலாகச் சாயும். அதே இடத்தில் திரும்பி நின்று வடகிழக்கை நோக்கி எறிந்தால் டேர்ன் மறைந்து, தூக்குவிசையும் குறைந்து, தட்டு விரைவில் இறங்கும். வாடைக் காலத்தில் இந்தத் திசைகள் மாறும். ஒரே தட்டை இரு திசைகளிலும் மாறி மாறி எறிவதைவிட, அச்சிட்ட எண்களின் பொருளை விளக்கும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கொலராடோ போன்ற மலைநாட்டுத் திடல்களில் எடுத்த காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் தட்டுகள் அதிகம் இடப்பக்கம் வளைகின்றன என்பதையும், கடல்மட்டத்தில் இருந்து அதிகம் உயராத வன்னி நிலத்தில் அதே தட்டு கூடுதலாக வலம் சாயும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடத் தேர்வில் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. வன்னியின் சில பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. ஆண்டுக்கணக்காக மக்கள் நடமாடி உழுது மேய்த்துப் பழகிய நிலத்தில் மட்டும் விளையாடுங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் பகுதிக்கோ, எவரும் புழங்காத பற்றைக்காட்டுக்கோ அருகில் எறிய வேண்டாம். தட்டு அங்கே போய்விட்டால் அதை மறந்துவிடுங்கள். குளத்தை நோக்கி எறிவதையும் தவிருங்கள். பெரும்பாலான தட்டுகள் நீரில் மூழ்கிவிடும், நமது குளங்களில் முதலையும் உண்டு.

தரப்புள்ளி எப்படி உருவாகிறது

ஆட்டக்காரரின் தரப்புள்ளி பி.டி.ஜி.ஏ. அனுமதித்த போட்டிகளில் இருந்து மட்டுமே பெறப்படுகிறது. ஏற்கெனவே தரப்புள்ளி பெற்ற சிலர் அன்று அதே சுற்றில் விளையாடியிருக்க வேண்டும். அவர்களுடைய பழைய தரப்புள்ளிகளையும் அன்று அவர்கள் எடுத்த எறிகளையும் வைத்து, 1000 தரமுள்ள ஒருவர் அந்தத் திடலில் அன்று எத்தனை எறிகளில் முடித்திருப்பார் என்று முதலில் கணிக்கிறார்கள். அந்த எண்ணிக்கை 50 என்றால், 50 எறிகளில் முடித்தவரின் சுற்றுக்கு 1000 புள்ளி. அத்தகைய திடலில் ஒவ்வொரு எறியும் ஏறத்தாழ 10 புள்ளி பெறுமதியானது என்பதால், 58 எறிகள் எடுத்தவருக்கு ஏறத்தாழ 920 கிடைக்கும். திடல் நீளமாகவும் கடினமாகவும் இருந்தால் ஓர் எறியின் பெறுமதி அதை விடக் குறையும்.

இதில் தொடக்கக்காரர் தவறவிடக்கூடிய நுட்பம் ஒன்று உண்டு. திடலுக்கு என்று அறிவிக்கப்பட்ட பார் எண், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் முடிப்பார் என்று எதிர்பார்க்கப்படும் எறிகளின் எண்ணிக்கை, இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பலத்த காற்று வீசிய நாளில் எல்லோருடைய எறிகளும் கூடும்; ஆகவே 1000 புள்ளிக்குரிய எண்ணிக்கையும் சேர்ந்து கூடும். அன்று நீங்கள் எடுத்த 62, அமைதியான நாளில் எடுத்த 58ஐ விட உயர்ந்த புள்ளியைத் தரக்கூடும்.

சுற்றுக்குக் கிடைப்பது வேறு, ஆட்டக்காரருக்கு உரியது வேறு. ஆட்டக்காரரின் தரப்புள்ளி என்பது பொதுவாகக் கடந்த 12 மாதங்களின் சுற்றுகளுக்கான சராசரியாகும். போதிய சுற்றுகள் சேர்ந்தபின், அவற்றில் அண்மைய கால்பங்குக்கு இரட்டை எடை தரப்படுகிறது; சராசரியை விட 100 புள்ளிக்கு மேல் தாழ்ந்த சுற்று கணக்கில் இருந்து நீக்கப்படுகிறது. எனவே ஒரே நாள் ஆட்டத்தால் தரப்புள்ளி தாவி ஏறாது.

தரமிட்ட போட்டி இல்லாத ஊரிலும் இந்தக் கணிப்பின் அடிப்படையை நாம் பயன்படுத்தலாம். தரவையில் ஒன்பது இலக்குகளை, மரத்தில் கட்டிய துணியோ நட்ட கம்போ எதுவானாலும், இடம் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து விளையாடி, அன்றைய எல்லோரின் எறிகளுக்கும் சராசரி எடுத்து, அந்தச் சராசரியில் இருந்து ஒவ்வொருவரும் எத்தனை எறி கூட அல்லது குறைய எடுத்தார் என்பதை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். சராசரி 36ஆக இருக்கும் நாளில் 34 எடுத்தவர் இரண்டு எறி முன்னே நிற்கிறார். சோளகம் அடித்துச் சராசரி 41ஆக ஏறிய நாளில் 39 எடுத்தாலும் அவர் அதே இடத்தில்தான் நிற்கிறார். அதே ஆட்கள் தொடர்ந்து வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். புதிதாக வருபவரின் எறிகளை முதல் சில நாட்களுக்குச் சராசரியில் சேர்க்காமல் விடுவது நல்லது.