பழைய இங்கிலீஷ் மேசைக் கடிகாரம்: வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயலில் 'தாமஸ் டாம்பியன், லண்டன்' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். புகழ்பெற்ற ஆங்கிலக் கடிகாரத் தயாரிப்பாளரான டாம்பியன் (1639–1713) உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் போலிகள் வந்துவிட்டன. பெயரை முன்பக்கம் படித்ததும் கடிகாரத்தைத் திருப்பி, பின்கதவைத் திறந்து, இயந்திரத்தின் பின்தகட்டைப் பாருங்கள். டாம்பியன் 1680களிலிருந்து தன் கடிகாரங்களுக்கு வரிசை எண் போட்டார். அவருக்குப் பின் ஜார்ஜ் கிரஹாமும் அதைத் தொடர்ந்தார். டயலிலும் பின்தகட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, எண் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கடிகாரங்களில் டயலில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. லண்டன் கிளார்க்கன்வெல்லில் இருந்த த்வெயிட்ஸ் போன்ற பட்டறைகள் இயந்திரத்தைச் செய்து பல கடைகளுக்குக் கொடுத்தன. இது மோசடி அல்ல, அன்றைய வியாபார முறை. அதேபோல டயலில் துருக்கிய எண்கள் இருந்தால் யாரோ பின்னால் மாற்றிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மார்க்விக் மார்க்கம், ஜார்ஜ் பிரையர் ஆகிய லண்டன் தயாரிப்பாளர்கள் துருக்கிச் சந்தைக்கென்றே அப்படிச் செய்தார்கள்.

சந்தேகப்பட வேண்டியது வேறு இடத்தில். இயந்திரத்தைத் தாங்கும் பலகையில் பயன்படாத திருகுத் துளைகள் இருந்தால், பெட்டி ஒரு கடிகாரத்தினுடையது, இயந்திரம் இன்னொன்றினுடையது என்று கொள்ளலாம்.

பின்தகட்டின் பூவேலைக்கு நடுவே அடைத்த துளைகள் தெரிந்தால், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடும் பழைய வெர்ஜ் அமைப்பை எடுத்துவிட்டு, அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும் ஆங்கர் அமைப்பைப் போட்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நேரம் துல்லியமாக வேண்டும் என்று ஏராளமான கடிகாரங்களுக்கு இப்படிச் செய்தார்கள். உங்களுடையதில் வெர்ஜ் அப்படியே இருந்தால் தயவுசெய்து அதை மாற்றாதீர்கள். நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆவது அதன் இயல்பு. அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்காக மூல அமைப்பை இழப்பது பெரிய நஷ்டம்.

மிக மோசமான சேதம் கழற்றும்போதுதான் நடக்கிறது. ஸ்பிரிங் முறுக்கேறியிருக்கையில் வெர்ஜ் தண்டை உருவினால், அது தடுத்து வைத்திருந்த கிரீடச் சக்கரம் பிடிப்பில்லாமல் கட்டுக்கடங்காமல் சுழலும்; அதன் கூர்முனைகள் நொடியில் வளைந்துவிடும். முதலில் ஸ்பிரிங் பீப்பாயின் தண்டில் சாவியை இறுகப் பிடித்து, ராட்செட்டின் (ஒரு பக்கம் மட்டும் திரும்பவிடும் பல்சக்கரத்தின்) கொக்கியை விலக்கி, ஒவ்வொரு பல்லாக முறுக்கை இறக்க வேண்டும். மணியடிக்கும் பக்கத்தையும் இதேபோல் இறக்கிய பிறகே மற்ற வேலை.

மணிச் சத்தம் தொந்தரவு என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாவி கொடுக்காமல் விடுவதும் ஆபத்து. ராக் முறைக் கடிகாரத்தில் எத்தனை மணி என்று கணக்கிடும் நெம்புகோலின் வால் நத்தை வடிவத் தகட்டின் மேல் விழும். அடிக்கச் சக்தி இல்லாவிட்டால் அது மேலே ஏறாது. 12 மணியிலிருந்து 1 மணிக்குப் போகும் இடத்தில் உள்ள செங்குத்துப் படியில் வால் மாட்டிக்கொள்ள, கடிகாரம் நிற்கும். அப்போது முள்ளைத் தள்ளினால் வால் வளையும். டயலில் மணியை நிறுத்தும் முள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எண்ணெயை அச்சுமுனைத் துளைகளிலும் எஸ்கேப்மென்ட்டின் (வெர்ஜ் அல்லது ஆங்கர் அமைப்பின்) உராயும் முகங்களிலும் மட்டும், ஊசி முனையளவு வையுங்கள். பற்களில் வைத்தால் தூசி ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். பித்தளைப் பல் அந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு, எதிரே உள்ள எஃகுப் பல்லையே தேய்த்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், கடிகார எண்ணெய்தான்.

எண் வளையத்தின் வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. பித்தளைப் பாலிஷ் போட்டு ஒருமுறை தேய்த்தாலே மஞ்சள் தெரியும். மூலைகளில் உள்ள தங்கமுலாம் வார்ப்புகளுக்கும் அதே கதி. காய்ந்த மென் தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

இடம் மாற்றும்போது வெர்ஜ் கடிகாரமானால் பெண்டுலத்தைப் பின்தகட்டில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுத் தூக்குங்கள். ஆங்கர் ஆனால், மெல்லிய தொங்கு ஸ்பிரிங் மடங்கி உடையாமல் இருக்க, பெண்டுலத்தைத் திருகில் பூட்டவோ கழற்றித் தனியே எடுத்துச் செல்லவோ வேண்டும்.