முத்தம் மருந்தல்ல: டிஸ்டோபியாக் காதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோருக்கான டிஸ்டோபியா நாவல்களில், அதாவது அடக்குமுறை ஆட்சி நடக்கும் கற்பனை உலகைக் காட்டும் நாவல்களில், ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். மக்களின் உணர்வுகளை அரசு மாத்திரையாலோ அறுவை சிகிச்சையாலோ மழுங்கடித்து வைத்திருக்கும். ஒருத்தி ஒருவனைச் சந்திப்பாள். அவளுக்குள் உறங்கிக் கிடந்தது விழித்துக்கொள்ளும். நல்ல கரு இது. பதினைந்து வயதில் இதைப் படிக்கிற பிள்ளைக்கு, தன் மனசு தனக்கே சொந்தம் என்ற நினைப்பை முதன்முதலாக இந்தக் கதை தரக்கூடும். அதனால்தான் இதை அவசரமாக எழுதிவிடக் கூடாது என்கிறேன்.

பறிபோனது என்ன என்று முடிவு செய்யாமலே பலர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ‘மனிதத்தன்மையை இழந்தார்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், திரும்பக் கிடைக்கும்போது காட்ட எதுவும் இருக்காது. லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) நாவலில் இழப்புகளுக்குத் தெளிவான பட்டியலே போடலாம்: நிறம், வெயில், பனி, போரின் நினைவு, துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை. அதனால்தான் ஜோனஸ் என்ற சிறுவன் ஓர் ஆப்பிளிலும், பிறகு தோழி ஃபியோனாவின் கூந்தலிலும் சிவப்பைக் காண்பது அத்தனை பெரிய நிகழ்ச்சியாகிறது. உங்கள் கதையிலும் இழப்பு கையால் தொட்டுக் காட்டும்படி இருக்கட்டும். பாட்டை மறந்தவள் பாட்டை மீட்கட்டும். அழ முடியாதவனுக்கு முதலில் அழுகை வரட்டும்.

அதே நாவல் இன்னொன்றையும் காட்டுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் விழித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசையை அடக்கும் மாத்திரையை ஜோனஸ் நிறுத்திவிடுகிறான். ஃபியோனாவோ முதியவர்களை ‘விடுவிக்கும்’ வேலையில், அதாவது ஊசி போட்டுக் கொல்லும் வேலையில், கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று அவனுக்குத் தெரியவருகிறது. அவன் நேசம் பொய்யில்லை. அதை வாங்கிக்கொள்ள அவளுக்குள் இடமில்லை. ஜோடியாக விழிக்கவைக்கிற எழுத்தாளர் இந்த வலியைத் தானே தூக்கி எறிந்துவிடுகிறார்.

நான் மிக மோசமானதாகக் கருதுவது, சம்மதத்தை மறப்பது. நாயகியின் மூளை அரசின் பிடியில் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் திறனே அவளுக்கு இல்லை. அந்த நிலையில் நாயகன் அவளை முத்தமிட்டு ‘எழுப்புகிறான்’. இது காதலாகாது, அவளைக் கேட்காமல் அவள் மீது இன்னொருவர் கை வைப்பதுதான். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘அக்லீஸ்’ (2005) இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. பதினாறு வயதில் எல்லாரையும் அழகாக்கும் அறுவை சிகிச்சை அங்கே மூளையையும் கெடுக்கிறது. சோதிக்கப்படாத மாற்று மருந்தை, விரும்பாத பெண்ணுக்குக் கொடுக்க மருத்துவர் மறுக்கிறார். அதனால் நாயகி டேலி, அந்த மருந்தைத் தன்மீது சோதிக்கலாம் என்று தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே சம்மதத்தை எழுதி வைத்துவிட்டு, தானே அந்த அறுவைக்குப் போகிறாள். காதலைவிட அந்தக் கடிதத்தில்தான் அவள் மனுஷியாக நிமிர்ந்து நிற்கிறாள். உங்கள் கதையில் மயக்கத்தில் இருப்பவர் இருந்தால், அவர் முதலில் மறுக்கக் கற்றுக்கொள்ளட்டும். தன்னைக் காப்பாற்ற வந்தவனையே அவள் மறுத்தாலும் பரவாயில்லை, கதை அங்கே இன்னும் உயிர்பெறும்.

அடுத்து, ஒரே காட்சியில் குணமாக்குவது. சூசன் காலின்ஸின் ‘மாக்கிங்ஜே’ (2010) நாவலில் பீட்டா என்ற இளைஞனின் நினைவுகளை நஞ்சேற்றிச் சிதைக்கிறார்கள்; அவன் நேசித்த நாயகி காட்னிஸையே எதிரியாக நம்பவைக்கிறார்கள். அவள் அவனை முத்தமிடும் இடமும் உண்டு. ஆனால் அது அந்த ஆபத்தான நேரத்தில் அவனைப் பிடித்து நிறுத்த மட்டுமே உதவுகிறது. அவன் மீள்வது சின்னச் சின்னக் கேள்விகளால். ஒரு நினைவைச் சொல்லி, ‘இது நிஜமா, இல்லையா?’ என்று கேட்கிறான். சுற்றியிருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். போர் முடிந்த பிறகும், பழைய காட்சிகள் மேலெழும்போது நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டு அவை அடங்கக் காத்திருக்கிறான். இவ்வளவு பொறுமை உங்களிடமும் வேண்டும். குணமாவதற்கு அத்தியாயங்களை ஒதுக்குங்கள், பின்னடைவையும் எழுதுங்கள்.

முக்கோணக் காதலைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. துணையை அரசே நிச்சயிக்கும் உலகில், இருவரில் ஒருவரைத் தேர்வது பறிபோன உரிமையை மீட்பதாகும். மற்ற உலகங்களில் அது பக்கத்தை நிரப்பும் வேலையாகிவிடுகிறது.

மகிழ்ச்சியை மட்டும் திருப்பித் தருவதும் தவறு. உணர்வு மீண்டால் குற்றவுணர்வும் கூடவே வரும். மரத்துப்போயிருந்த காலத்தில் உங்கள் நாயகன் யாரைக் காட்டிக்கொடுத்தான்? யார் இழுத்துச் செல்லப்படும்போது பேசாமல் நின்றான்? காதலியின் அருகில் சிரிக்கக் கற்ற அதே வாரத்தில் அந்த முகங்களும் அவன் முன் வந்து நிற்க வேண்டும். அவள் அவனை மன்னித்துவிட்டால் போதும் என்று முடிக்காதீர்கள். மன்னிக்க வேண்டியவர் பெரும்பாலும் அவளாக இருக்க மாட்டாள். அவன் அந்த மூன்றாம் நபரின் வீட்டுக் கதவைத் தட்டும் காட்சியை எழுதுங்கள். கதவு திறக்குமா என்பதை அந்த வீட்டில் இருப்பவர் தீர்மானிக்கட்டும்.